அந்த 14.700: ஹாஷிமோட்டோவுக்கு தங்கம் சும்மா கிடைச்சதா?

கேள்வி: வெட்டிப்பய, 29 ஜூலை 2021

நேத்து ஒலிம்பிக்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆண்கள் ஆல் அரவுண்ட் ஃபைனல் யாராவது பார்த்தீங்களா? அந்த ஜப்பான் பையன் தைக்கி ஹாஷிமோட்டோ வால்ட்ல (ஓடி வந்து மேசை மாதிரி ஒண்ணு மேல கை ஊனித் தாவுற ஐட்டம்) குதிச்சு இறங்கும்போது கால் விரிப்பைத் தாண்டி வெளிய போகுது, அப்படியும் 14.700 போட்டிருக்காங்க. கடைசியில தங்கமும் அவனுக்கே. போட்டி நடக்குறது டோக்கியோவுல, அப்புறம் கேக்கணுமா. சீனாக்காரன் பாவம். இதுக்கு முன்னாடி இவன் பேரை யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? திடீர்னு எங்கேருந்து முளைச்சான்?

நிஷிகசாய்க்காரன், 29 ஜூலை 2021, ராத்திரி

நான் பார்த்தேன். டோக்கியோவுல நிஷி கசாய்ல இருக்கேன், அரியாகே அரங்கம் இங்கேருந்து கிட்டத்தான், லாட்டரியில டிக்கெட்டும் விழுந்துச்சு, அப்புறம் கொரோனா அவசர நிலை, ஆளே உள்ள விடமாட்டோம்னு சொல்லி காசைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஆக பக்கத்துலயே இருந்தும் டிவிதான்.

முதல்ல கணக்கைப் பாரு, ஆல் அரவுண்ட்னா ஆறு ஐட்டத்துலயும் வாங்கின மார்க்கைக் கூட்டுறது. ஃப்ளோர் 14.833, பாமல் ஹார்ஸ் 15.166, ரிங்ஸ் 13.533, வால்ட் 14.700, பேரலல் பார்ஸ் (இணையா ரெண்டு கம்பி) 15.300, ஹை பார் (உயரத்துல ஒத்தைக் கம்பி) 14.933. கூட்டினா 88.465. வெள்ளி வாங்கின சீனாவோட ஷியாவ் ருவோதெங் 88.065. வெண்கலம் ரஷ்யாவோட நிகிதா நகோர்னி 88.031. வித்தியாசம் 0.400.

கால் வெளிய போனா என்ன தண்டனை? ஒரு கால் கோட்டைத் தாண்டினா 0.1, ரெண்டு காலும் போனா 0.3. இது தனி. தடுமாறி ஒரு அடி எடுத்து வச்சதுக்கு இன்னொரு கழிவு இருக்கு, சின்ன அடின்னா 0.1, பெரிய அடின்னா 0.3. விழுந்தாதான் 1.0. நீ டிவியில பார்க்கும்போது கால் வெளிய போறது பெரிய கொடுமையாத் தெரியும், ரூல் புக்ல அது ரொம்ப சின்ன குத்தம். வால்ட்டுக்கு மார்க் பெரும்பாலும் காத்துல இருக்கும்போதுதான், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், உடம்பு வளையாம நேரா இருந்துச்சா, கால் ரெண்டும் ஒட்டியிருந்துச்சா. இவன் நல்ல உயரம் போயி அந்த வேகத்தை அடக்க முடியாமத்தான் வெளிய போனான்.

யாருன்னு தெரியாதுன்னு சொன்ன இல்ல, தகுதிச் சுற்றுலயே ஆல் அரவுண்ட்ல முதல் இடம் இவன்தான், 88.531. திடீர்னெல்லாம் முளைக்கல.

30 ஜூலை 2021

ஆபீஸ்ல மீட்டிங் ஓடிட்டு இருக்கு, கேமரா ஆஃப், அதனால எழுதுறேன்.

எங்கேருந்து வந்தான்னா, சிபா மாகாணம், நரிட்டா. ஆமா, ஏர்போர்ட் இருக்குற அதே நரிட்டாதான். நம்ம ஆளுங்க எல்லாரும் அங்க இறங்கி ட்ரெயின் பிடிச்சு ஓடிவந்துடுவோம், ஊர்னு ஒண்ணு இருக்குன்னே யாரும் நினைக்கிறதில்ல. 2001 ஆகஸ்ட் 7 பிறந்தான், அதாவது இன்னும் 20 ஆகல, அடுத்த வாரம்தான் பொறந்தநாள். அண்ணனுங்க ரெண்டு பேர், ரெண்டு பேரும் ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணவங்க, அவங்க பின்னாடியே போயி 6 வயசுல இவனும் ஆரம்பிச்சான். கடைக்குட்டி பசங்களுக்கே உள்ள ஒரு விஷயம் இது, அண்ணன் செய்யுறதை தானும் செய்யணும், அதுவும் அண்ணனை விட ஒரு படி மேல செஞ்சு காட்டணும். சவாரா ஜூனியர்னு ஒரு உள்ளூர் கிளப்ல பயிற்சி. பெரிய கம்பெனி நடத்துற கிளப் எல்லாம் இல்ல.

அப்புறம் ஃபுனபாஷி முனிசிபல் ஹைஸ்கூல். விளையாட்டுக்குப் பேர் போன பள்ளிக்கூடம். அங்கேருந்து ஜுன்டென்டோ யுனிவர்சிட்டி, இப்போ ரெண்டாவது வருஷம். இந்த ஒலிம்பிக்ஸ் டீம்ல இருக்குற கசுமா கயா, வத்தாரு தனிகாவா ரெண்டு பேரும் அதே யுனிவர்சிட்டி, தனிகாவா அதே ஹைஸ்கூலும் கூட! நாலு பேர் டீம்ல மூணு பேர் ஒரே வாசல் வழியா வந்தவங்க. நாலாவது ஆள் தக்கேரு கித்தசோனோ மட்டும்தான் ஒசாகா பக்கம்.

இங்க ஒரு சுவாரசியம். 2018 பியூனஸ் அயர்ஸ் யூத் ஒலிம்பிக்ஸ்ல அந்த கித்தசோனோ 5 தங்கம் அள்ளினான். அப்போ பத்திரிகையெல்லாம் அடுத்த உச்சிமுரா (2012லயும் 2016லயும் ஒலிம்பிக் ஆல் அரவுண்ட் தங்கம் வாங்கின ஜப்பான்காரர்) இவன்தான்னு கித்தசோனோவைத்தான் காட்டுச்சு. ஹாஷிமோட்டோ அந்த வெளிச்சத்துல இல்ல.

வெளிச்சம் விழுந்தது 2019. அந்த வருஷம் ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப்புக்கு உச்சிமுராவும் இல்ல, ஃப்ளோர்ல உலகத் தங்கம் வாங்கின கென்சோ ஷிராயும் இல்ல. ஜப்பான்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னா, உச்சிமுரா இல்லாத டீம்னு யோசிச்சே பழக்கம் இல்லாத நாடு. அந்த இடத்துல ஸ்கூல் பையனைக் கூட்டிட்டுப் போனாங்க. ஹைஸ்கூல்ல படிச்சுக்கிட்டே உலக சாம்பியன்ஷிப் டீமுக்குப் போன ரெண்டாவது ஜப்பான் பையன் இவன், முதல் ஆள் 2013ல ஷிராய். டீம் வெண்கலத்தோட திரும்பி வந்துச்சு.

30 ஜூலை 2021, கொஞ்ச நேரம் கழிச்சு

மீட்டிங்ல என் பேரைக் கூப்பிட்டாங்க. சமாளிச்சாச்சு.

31 ஜூலை 2021

"ரிங்ஸ்ல 13.533 வாங்கினவன் எப்படி சாம்பியன்"னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, வால்ட் கேள்வியை விட இதுதான் சரியான கேள்வி.

ரிங்ஸ் வயசான ஆளுங்க சமாச்சாரம். ரெண்டு வளையத்தைப் பிடிச்சுக்கிட்டு உடம்பைத் தரைக்கு இணையா படுக்க வச்ச மாதிரி காத்துல நிறுத்தணும், கையை ரெண்டு பக்கமும் சிலுவை மாதிரி நீட்டி அப்படியே தொங்கணும், ஒவ்வொண்ணும் 2 செகண்டு அசையாம நிக்கணும். தோள்ல சதை ஏற வருஷக்கணக்கு ஆகும், 19 வயசுல அது முழுசா வராது. அவன் உடம்பைப் பாரு, நல்ல நீளமான கை கால், மெலிஞ்ச ஆள். இந்த உடம்பு பாமல் ஹார்ஸுக்கும் ஹை பாருக்கும் பார்க்க அழகா இருக்கும், ரிங்ஸுக்கு அதே நீளம்தான் எதிரி, கை நீளமா இருந்தா தாங்க வேண்டிய பாரமும் ஜாஸ்தி.

அப்போ எங்க பிடிச்சான்? பாமல் ஹார்ஸ் 15.166. ஆல் அரவுண்ட் ஆளுங்க பலபேர் பயந்து நடுங்குற இடம் அது. ரெண்டு பிடி வச்ச அந்த மெத்தை மேல ஒரு கை மாத்தி ஒரு கை ஊனி, இடுப்பு எங்கயும் படாம காலைச் சுத்திக்கிட்டே இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடக்கணும். ஒரு தடவை கை தப்பான இடத்துல விழுந்தா கீழ உக்கார வேண்டியதுதான், 1.0 காலி. டிவியில ஸ்லோ மோஷன்ல போட்டாங்க, அவன் உள்ளங்கை மெத்தையில படுறதும் எடுக்குறதும் சத்தமே வராத மாதிரி இருந்துச்சு, விரலை விரிச்சு வைக்கிறான், மணிக்கட்டு வெளிப்பக்கம் பார்த்து இருக்கு, எடை மாறுனதும் அந்தக் கை உடனே கிளம்பிடுது. பக்கத்து ஆளுங்க கையை அடிச்சு அடிச்சு வைப்பாங்க, இவன் அப்படி இல்ல.

பேரலல் பார்ஸ் 15.300, அன்னிக்கு அவனோட பெரிய மார்க் அதுதான். ஆனாலும் 5 ஐட்டம் முடிஞ்சப்ப முதல்ல நின்ன ஷியாவை விட 0.467 பின்னாடி, மூணாவது இடம். மிச்சம் இருந்தது ஹை பார் ஒண்ணுதான். அதுல ஷியாவுக்கு 14.066, இவனுக்கு 14.933. அங்கதான் ஜெயிச்சது. வால்ட் முடிஞ்சு ரெண்டு ஐட்டம் கழிச்சு நடந்த விஷயம் இது.

ஜப்பான்ல ஒலிம்பிக்ஸ் ஆல் அரவுண்ட் தங்கம் வாங்கினவங்க: 1964 யுக்கியோ எண்டோ, 1968லயும் 1972லயும் சவாவோ கட்டோ, 1984 கோஜி குஷிக்கென், 2012லயும் 2016லயும் உச்சிமுரா. இப்போ இவன். ஆண்கள் ஆல் அரவுண்ட் ஒலிம்பிக் சாம்பியன்லயே வயசுல சின்னவன்.

1 ஆகஸ்ட் 2021

ரெண்டு நாளா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதிடுறேன். இது வெட்டிப்பய பக்கம் கொஞ்சம் சாயுற விஷயம், சந்தோஷப்பட்டுக்கோ.

ஷியாவோட ஹை பார் மார்க்ல 0.3 வெட்டு விழுந்துச்சு. கம்பியில இல்ல. இறங்கி முடிச்சதும் நடுவரைப் பார்த்து கையைத் தூக்கி முடிஞ்சதுன்னு காட்டணும், சந்தோஷத்துல அதைச் செய்யாமயே போயிட்டார். அதுக்கு 0.3! கால் கோட்டைத் தாண்டுனதுக்கு 0.1, வணக்கம் வைக்காததுக்கு 0.3. இதை எங்க போயி சொல்றது.

இப்போ கணக்கைத் திருப்பிப் போடு. அந்த 0.3 இல்லன்னா ஷியாவ் 88.365. அப்பவும் ஹாஷிமோட்டோ 0.1 மேல. ஆனா வால்ட்ல நடுவர் இன்னும் ஒரு 0.1 கூட வெட்டியிருந்தா ரெண்டு பேரும் சமம். 0.2 வெட்டியிருந்தா தங்கம் கை மாறியிருக்கும். முதல் நாள் 0.400ன்னு பார்த்தப்ப பெரிய இடைவெளியாத் தெரிஞ்சுது, இப்படிப் பார்த்தா ரொம்ப மெலிசா இருக்கு. அதனால சீனாவுல ரசிகர்களுக்கு வயித்தெரிச்சல் இருக்குறது எனக்குப் புரியுது.

புரியாதது அதுக்கு அப்புறம் நடந்தது. பையனோட சோஷியல் மீடியா பக்கத்துல போயி கன்னாபின்னான்னு திட்டு. 19 வயசுப் பையன், மார்க் போட்டது அவனா? சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனமே அறிக்கை விட்டு, வால்ட் மார்க் ரூல் புக் படி சரிதான்னு சொல்லிடுச்சு, அவனும் இன்ஸ்டாகிராம்ல பொறுமையா எழுதினான். தோத்த ஷியாவே, விளையாட்டுக்காரங்களைத் தாக்காதீங்கன்னு தன் பக்கத்துல கேட்டுக்கிட்டார். அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை கூடிடுச்சு.

அந்த 0.3 பத்தி ஒண்ணு. என் பொண்ணு இங்க பக்கத்துல சின்னப் பிள்ளைங்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாஸுக்குப் போறா. முன்னாடி உருளுறது, கையை ஊனி வீல் அடிக்கிறது, அவ்வளவுதான் லெவல். ஆனா ஒவ்வொரு பிள்ளையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையை நேரா மேல தூக்கி சத்தமா "ஹாய்"னு சொல்லணும், முடிச்சதும் கால் சேர்த்து நின்னு மறுபடி கை தூக்கணும். கை தூக்காம ஓடி வந்த பிள்ளையை டீச்சர் சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்பி, கை தூக்கிட்டு வரச் சொல்வாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து, எதுக்குடா இந்த சடங்குன்னு நினைச்சிருக்கேன். ஒலிம்பிக்ஸ்ல அதுக்கு விலை 0.3ன்னு இப்பதான் தெரியுது.

1 ஆகஸ்ட் 2021, திரும்பவும்

கீழ "ஜட்ஜ் எல்லாம் ஜப்பான்காரன்தானே"ன்னு கேட்டவருக்கு: இல்லைங்க, பல நாட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்க. நம்ம தெரு கிரிக்கெட்ல பேட்டிங் டீமே அம்பயர் நிக்குற கதை இங்க கிடையாது.

இன்னொண்ணு, சொந்த ஊர் சலுகைன்னு ஒண்ணு இருந்திருந்தா அதைப் போட வேண்டிய நாள் 26ஆம் தேதி, டீம் ஃபைனல். ரஷ்ய டீம் 262.500, ஜப்பான் 262.397. 0.103ல தங்கம் போச்சு. அன்னிக்கும் ஜப்பானுக்குக் கடைசியா ஹை பார்ல ஏறினது இவன்தான், 15.100 எடுத்தான், எடுத்தும் பத்தல. அந்தக் கணக்கை யாரும் ஏன் எடுக்க மாட்டேங்குறீங்க.

3 ஆகஸ்ட் 2021

ஹை பார் ஃபைனல்லயும் தங்கம். 15.066. குரோஷியாவோட டின் சிர்பிச் 14.900, நகோர்னி 14.533. இப்போ என்ன சொல்றீங்க, இதுலயும் கால் வெளிய போச்சா?

ஜோக் போகட்டும். இந்த ஹை பார்ல எனக்கு ஒரு வருத்தமும் கலந்தே இருக்கு. ஜூலை 24 தகுதிச் சுற்றுல உச்சிமுரா இதே கம்பியிலேருந்து விழுந்தார். தோள் வலி, வயசு 32, ஆல் அரவுண்டை விட்டுட்டு இந்த ஒரே ஐட்டத்துக்காக வந்த மனுஷன். கம்பியை விட்டுப் பறந்து திரும்பப் பிடிக்கிற பயங்கரமான வித்தை எல்லாம் பிடிச்சுட்டார், அதுக்கு அப்புறம் கம்பியில கை மாத்தித் திரும்புற இடத்துல நழுவிட்டார். 13.866, ஃபைனலுக்கு வரல. எங்க மாடியில இருக்குற வயசான ஜப்பான் அம்மா அன்னிக்கு லிஃப்ட்ல என்னைப் பார்த்து, உச்சிமுரா-சான் விழுந்துட்டார்னு சொல்லி அப்படியே நின்னுட்டாங்க, லிஃப்ட் கதவு ரெண்டு தடவை மூடித் திறந்துச்சு. அந்த அம்மாவுக்கு ஹாஷிமோட்டோ இன்னும் "அந்தச் சின்னப் பையன்"தான்.

ஏப்ரல்ல நடந்த ஆல் ஜப்பான் சாம்பியன்ஷிப்பையும் சொல்லணும். அதுல ஹாஷிமோட்டோ முதல் நாள் 7ஆவது இடம். ஃபைனல்ல மேல ஏறி வந்து ஜெயிச்சான். மே மாசம் என்எச்கே கப்பும் இவனே, அதோட டீம்ல இடம் உறுதி. நான் பார்த்தவரைக்கும் இவன் பழக்கமே இதுதான், பின்னாடி இருந்து வருவான், கடைசியில ஹை பார்ல முடிப்பான். ஒலிம்பிக்ஸ் ஒரு வருஷம் தள்ளிப்போனது இவனுக்கு லாபம்னு கூட ஒரு எண்ணம் எனக்கு உண்டு. 2020ல நடந்திருந்தா ஸ்கூல் முடிச்சு யுனிவர்சிட்டி சேர்ந்த கையோட வந்திருப்பான். அதே ஒரு வருஷம் உச்சிமுரா தோளுக்கு நல்லது பண்ணியிருக்காது.

8 ஆகஸ்ட் 2021

இழை எங்கயோ போகுது, பரவாயில்ல, நானும் போறேன்.

"ஜப்பான்காரனுக்கு மட்டும் ஏன் ஜிம்னாஸ்டிக்ஸ் வருது, உடம்பு வாகா"ன்னு ஒருத்தர். வாகெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கு. இங்க எந்தத் தொடக்கப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனாலும் ஒரு ஓரத்துல இரும்புக் கம்பி நட்டிருக்கும், மூணு நாலு உயரத்துல, படிக்கட்டு மாதிரி ஏறிக்கிட்டே போகும். பார்க்குலயும் இருக்கும். ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் அந்தக் கம்பியைப் பிடிச்சு, தரையை ஒரு உதை விட்டு, காலை மேல வீசி, பின்பக்கமா ஒரு சுத்து சுத்தி கம்பி மேல வந்து நிக்கணும். வராத பிள்ளைக்கு அது ஒரு பெரிய மானப் பிரச்சினை. சாயங்காலம் பார்க்குல அப்பா ஒருத்தர் பிள்ளையோட முதுகைத் தாங்கிப் பிடிச்சு மேல தள்ளிவிடுறதை சாதாரணமா பார்க்கலாம். நானும் தள்ளிவிட்டுப் பார்த்தேன், என் பொண்ணு பாதியில தலைகீழா நின்னுக்கிட்டு என்னைத் திட்டுறா. உள்ளங்கையில விரலுக்குக் கீழ நாலு கொப்புளம், அது உடைஞ்சு, காய்ஞ்சு, அதுக்கு மேல திரும்பக் கம்பி.

ஹை பார் ஃபைனல் முடிஞ்ச வாரம் எங்க பார்க்குல அந்தக் கம்பிக்கு க்யூ. நிஜமா க்யூ நின்னுச்சு, பிள்ளைங்க வரிசையா நிக்குறாங்க, சுத்தி இறங்கினதும் ரெண்டு கையையும் தூக்கி நிக்குது ஒவ்வொண்ணும். என் பொண்ணு இறங்கி ரெண்டு அடி தடுமாறிட்டு என்னைப் பார்த்து 14.700ன்னு கத்துறா. வீட்டுல நான் இந்த இழையைப் பத்தி ஓவராப் பேசிட்டேன் போல.

25 அக்டோபர் 2021

மூடிப் போன இழையைத் திறக்குறேன், வெட்டிப்பய எங்க இருந்தாலும் வரவும்.

கித்தாக்யூஷு உலக சாம்பியன்ஷிப். அதுவும் ஜப்பான்தான், இந்தத் தடவை ரசிகர்களையும் உள்ள விட்டாங்க. ஆல் அரவுண்ட் ஃபைனல்ல சீனாவோட ஜாங் போஹெங் 87.981, ஹாஷிமோட்டோ 87.964. வித்தியாசம் 0.017. தோத்துட்டான்! சொந்த மண்ணு, சொந்த ரசிகர்கள், ஒலிம்பிக் சாம்பியன், கடைசி ஐட்டம் அவனோட சொந்த ஹை பார், இறங்கும்போது ஒரு சின்னத் துள்ளல். அது இல்லன்னா தங்கம். எங்கய்யா போனாங்க உன் சொந்த ஊர் ஜட்ஜ் எல்லாம், டீ குடிக்கப் போயிட்டாங்களா?

ஹை பார் தனி ஃபைனல்லயும் வெள்ளிதான், 15.066, ஹூ ஷுவேய் 15.166. டோக்கியோவுல தங்கம் வாங்கின அதே 15.066!

அந்த ஃபைனல்ல உச்சிமுராவும் இருந்தார். கித்தாக்யூஷு அவர் பிறந்த ஊர். ஆறாவது இடம். இறங்கினப்ப கால் ரெண்டும் விரிப்புல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு, இம்மி அசையல. மார்க் என்னன்னு யாரும் பார்க்கல, ஹாலே எழுந்து நின்னுச்சு. இவர் இனிமே எத்தனை போட்டிக்கு வருவார்னு நினைக்கும்போதே ஒரு மாதிரி இருக்கு.

26 அக்டோபர் 2021

வெட்டிப்பய வந்து "0.017லாம் தோல்வியா"ன்னு போட்டிருக்கான். தம்பி, 0.1க்கு மூணு மாசம் முன்னாடி நீ என்ன குதி குதிச்ச.

6 நவம்பர் 2022

லிவர்பூல். உலக ஆல் அரவுண்ட் தங்கம் கடைசியில வந்துடுச்சு, 87.198. ஜாங் போஹெங் 86.765ல ரெண்டாவது. போன வருஷக் கடன் அடைஞ்சுது. டீம்ல சீனா வெளுத்துவிட்டுது, 257.858க்கு 253.395, நாலு பாயிண்டுக்கு மேல.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது, இந்த வருஷம் ரஷ்யாக்காரங்க யாரும் இல்ல, தடை. நகோர்னி இருந்திருந்தா எப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஜாங் இருந்தார், அதனால இந்தத் தங்கத்தை லேசா எடுத்துக்க எனக்கு மனசு வரல.

இந்த ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஜெயிக்கிறதுதான் இப்போ இந்த விளையாட்டுல பார்க்க வேண்டிய விஷயம். உச்சிமுரா காலத்துல 2009லேருந்து 2015 வரைக்கும் 6 உலக ஆல் அரவுண்ட் தங்கம் வரிசையா அவருக்கே, ரெண்டாவது யாருன்னுதான் போட்டி. அது மலைப்பா இருந்துச்சு, ஆனா நகம் கடிக்க வேண்டிய அவசியம் வரல. உச்சிமுரா ரொட்டீன் பார்த்தா எந்த இடத்துலயும் அவசரம் தெரியாது. ஹாஷிமோட்டோவுக்கு இன்னும் அந்த அமைதி வரல, ஃப்ளோர்ல கடைசி ஓட்டத்துக்கு மூலையில நிக்கும்போது மூச்சு வாங்குறது டிவியில தெரியுது, உதட்டை ஊதிக்கிட்டு ஒரு நிமிஷம் தரையைப் பார்க்குறான், அப்புறம் ஓடுறான். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

8 அக்டோபர் 2023

ஆண்ட்வெர்ப் உலக சாம்பியன்ஷிப். டீம் தங்கம். ஆல் அரவுண்ட் 86.132, ரெண்டாவது வருஷமும் தொடர்ச்சியா. ஹை பார் தங்கம் 15.233. ஒரே வாரத்துல மூணு.

இதே ஆண்ட்வெர்ப்ல 2013ல ஷிராய் 17 வயசுல ஃப்ளோர்ல தங்கம் வாங்கினான், 16.000. நாலு தடவை முறுக்கி இறங்குற வித்தைக்கு அவன் பேரே வச்சாங்க. அந்தப் பையன் 2021ல 24 வயசுலயே ரிடையர் ஆகிட்டான். ஹைஸ்கூல்லயே மேல வந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் கதை 24ல முடிஞ்சுது, இன்னொருத்தனுக்கு இப்போ 22. ஷிராய்க்கு ஃப்ளோரும் வால்ட்டும்தான் உயிர், முறுக்கு வேகம் குறைஞ்சா கைவசம் இருக்குறது கம்மி. ஹாஷிமோட்டோ ஆறையும் சுமக்குறான், ஒண்ணு சொதப்பினா இன்னொண்ணு தூக்கும். ஆனா ஆறையும் சுமக்குற உடம்புக்கு ஆறு பக்கமும் அடி. இடுப்பு, விரல், தோள்னு எது எப்போ கிளம்பும்னு தெரியாது. உச்சிமுரா தோளைப் பார்த்தவங்களுக்கு இது சொல்ல வேண்டியதில்ல.

4 ஆகஸ்ட் 2024

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் பத்தி எழுதச் சொல்லி நாலு பேர் கேட்டாச்சு.

மே மாசமே வலது கை நடுவிரல்ல அடி, என்எச்கே கப்லேருந்து விலகினான், உலகத் தங்கத்தை வச்சு டீம்ல முன்னாடியே இடம் இருந்துச்சு. கம்பி பிடிக்கிற ஆளுக்கு நடுவிரல். டீம் ஃபைனல்ல பாமல் ஹார்ஸ்லேருந்து விழுந்தான். 2021ல நான் மேல வரி வரியா புகழ்ந்து எழுதின அதே பாமல் ஹார்ஸ். ஆல் அரவுண்ட் ஃபைனல்லயும் அதுலயே விழுந்து ஆறாவது இடம். தங்கம் ஷின்னோசுகே ஓகாவுக்கு, 20 வயசுப் பையன், ஜாங் போஹெங்கை 0.233ல ஜெயிச்சான்.

டீம் தங்கம் கிடைச்ச கதை உங்களுக்கே தெரியும், கடைசி ஐட்டத்துக்கு முன்னாடி சீனாவை விட 3.267 பின்னாடி, டிவியை அணைக்கலாம்னு ரிமோட்டை எடுத்தேன், அப்போ ஹை பார்ல சூ வெய்தே ரெண்டு தடவை விழுந்தார். ஜப்பானுக்கு கடைசி ஆள் ஹாஷிமோட்டோ, 14.566, இறங்கினதும் ஜப்பான் ரசிகர்கள் கூரை பிய்யுற மாதிரி கத்துறாங்க, அடுத்து சீனாவோட கடைசி ஆள் ஜாங் போஹெங் ஏறணும். இவன் ரசிகர்கள் பக்கம் திரும்பி, உதட்டுல விரலை வச்சு சத்தம் போடாதீங்கன்னு காட்டினான். அவர் அமைதியா ஆடட்டும்னு. ஜெயிச்சோமா இல்லையான்னே தெரியாத நேரத்துல. மூணு வருஷம் முன்னாடி இவனைத் திட்டித் தீர்த்த அதே சீன சோஷியல் மீடியாவுல இதுக்குக் கைதட்டல்.

5 ஆகஸ்ட் 2024

வெட்டிப்பய "சரி, 2021 தங்கம் நியாயம்தான்னு ஒத்துக்குறேன், ஆனா வால்ட் மார்க் ஜாஸ்திதான்"னு எழுதியிருக்கான். நீ அந்த வால்ட்டை ஸ்லோ மோஷன்ல போட்டு எது எதுக்கு எவ்வளவு வெட்டலாம்னு ஒவ்வொண்ணா எழுதிக் கொண்டு வா. அடி எடுத்து வச்சதையும் கோடு தாண்டினதையும் தனித்தனியா போடணும், ரெண்டையும் சேர்த்துப் போட்டா திருப்பி அனுப்பிடுவேன்.